‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வங்கியொன்றில் வேலை செய்யும் 29 வயது வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு அடுத்த தைக்குப் பிறகு கல்யாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர், கொழும்பில் பொறியியலாளர். இருவரும் விரும்பி எடுத்த முடிவு. மாப்பிள்ளையின் பெற்றோர் முதலில் தயங்கினாலும் பிறகு சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் வருங்கால மாமி இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். விவாகப் பதிவில் இனம் கேட்கும் இடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்றே எழுத வேண்டும். கல்யாண வீட்டில் யாராவது ஊரைக் கேட்டால் ‘நுவரெலியா’ என்றால் போதும், தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் வாசகி தன் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் கவனமாகப் பார்த்திருக்கிறார். 1996இல் பதிந்தது. அதில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கிறது. மூன்று வயது இளைய தம்பியின் பத்திரத்தில், அதே தாய் தந்தைக்கு, ‘இலங்கைத் தமிழர்’. தம்பி பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டும் வேண்டாம், ‘மலையகத் தமிழர்’ என்று எழுது என்கிறார். அப்பாவோ ‘இந்திய வம்சாவளி’யை விடக்கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறார். “அதை விட்டால் என் அப்பாவை விட்ட மாதிரி” என்றாராம். மாப்பிள்ளையின் சித்தி கனடாவிலிருந்து மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் வாசகி கேட்கிறார்: “என் பத்திரத்தில் இந்திய என்று இருப்பதால் என் பிரஜாவுரிமைக்கு எப்போதாவது ஆபத்து வருமா? இதை மாற்றலாமா? மாற்றினால் அது பொய்யா?”

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சட்டத்தரணியாக. இரண்டாவது தடவை, பிறப்பத்தாட்சியில் ஒரு பக்கம் இந்தியத் தமிழர், மறுபக்கம் இலங்கைத் தமிழர் என்று எழுதப்பட்ட வீட்டில் வளர்ந்தவளாக. என் அப்பா மாத்தளைப் பக்கம், அம்மா மட்டக்களப்பு. ஆகவே கொஞ்சம் சொந்தக் கதை கலந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்துப் பயப்படுவது சரியான கட்டத்தை அல்ல.

அந்தப் பத்திரத்தில் உங்கள் இனம் இல்லவே இல்லை

பத்திரத்தை இன்னொரு தடவை எடுத்து விரித்து வையுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், ஆணா பெண்ணா என்று இருக்கும். பிறகு தந்தையின் விபரம், அதற்குள் தந்தையின் இனம். பிறகு தாயின் விபரம், அதற்குள் தாயின் இனம். ‘பிள்ளையின் இனம்’ என்று ஒரு கட்டமும் கிடையாது. ஆக, ‘என் பத்திரத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது’ என்று நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். உங்கள் அப்பா அம்மாவைப் பற்றி 1996இல் ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதியது அது. மூன்று வருடம் கழித்து வேறொருவர் சொன்னார், வேறொருவர் எழுதினார். அவ்வளவுதான் உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். கண்டியில் 26 வருடமாகத் தொழில் செய்கிறேன். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு விதமாக எழுதியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

இப்போது கொஞ்சம் கீழே பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் (பாட்டனாரின் தந்தை) இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று அதற்கடுத்து இன்னொன்று. பெரும்பாலானோர் இதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒரு குழந்தை பிறந்ததைப் பதிய அதன் பூட்டனார் எங்கே பிறந்தார் என்று ஏன் கேட்க வேண்டும்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் காரணம். அந்தச் சட்டத்தின்படி, இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டினால்தான் வம்சாவளிப் பிரஜை. சட்டத்தின் அந்தப் பிரிவில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதுதான் அதன் கெட்டித்தனம். இனத்தைக் கேட்கவில்லை. பாட்டனார் பிறந்த இடத்தைக் கேட்டது. பிறப்பைப் பதிந்து துண்டு வாங்கி வைக்கும் வழக்கமே இல்லாத, தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த மக்களிடம் கேட்டது. வழக்கு, அப்போது நமக்கு மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கில், இதில் ஒரு சமூகத்துக்கு எதிரான பாகுபாடு இல்லை என்று தீர்ப்பானது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனம். அடுத்து 1952இல் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் தாத்தா 1938இல் நானுஓயாப் பக்கம் பிறந்தார் என்கிறீர்கள். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். அந்த ஒரு கடல் பயணம் போதும், இங்கேயே பிறந்த உங்கள் தாத்தாவுக்கு 1948இல் நாடு இல்லாமல் போனதற்கு. இனக் கட்டத்தில் அவர் எதை எழுதியிருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும்.

உங்கள் பிரஜாவுரிமைக்கு ஆபத்து இல்லை

தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, இந்தியக் கடவுச்சீட்டும் எடுத்து, பெட்டி கட்டி வைத்திருந்து கடைசியில் போகாமல் நின்றுவிட்டார், 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தம்பி குடும்பம் அதற்கு முன்பே போய்க் கோத்தகிரியில் இருக்கிறது. இது ஆயிரக்கணக்கான வீடுகளின் கதை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களைக் கேட்டுப் போட்ட கணக்கல்ல.

1988இல் வந்த சட்டம் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி செய்தது. உங்கள் தாத்தாவைப் போல இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே நின்றவர்கள் அப்போதும் தொங்கலில்தான் இருந்தார்கள். அவர்களுக்காக வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும், இங்கே வசிக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் அது பொருந்தும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு இலங்கைப் பிரஜைகளானார்கள். அந்த வருடம் டிசம்பரில் தோட்டங்களில் நடமாடும் முகாம் வைத்துப் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேருக்குக் கொடுத்தார்கள். “அப்பாவும் தாத்தாவும் கோயில் முன்னால் வரிசையில் நின்று ஒரு பேப்பர் எடுத்தார்கள்” என்று நீங்கள் எழுதியது அதுதான். அந்தப் பேப்பரை ஏதோ பழைய தபாலைப் போல எழுதியிருக்கிறீர்கள், மகள். உங்கள் வீட்டில் உள்ள ஆவணங்களில் அதைவிடப் பெறுமதியானது வேறில்லை.

இன்னுமொன்று. 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, இலங்கையில் ஒரே ஒரு பிரஜை அந்தஸ்துதான் உண்டு என்கிறது. வம்சாவளியால் வந்ததோ பதிவால் வந்ததோ, எல்லாத் தேவைக்கும் ஒருவரை ‘இலங்கைப் பிரஜை’ என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பு ‘பதிவுப் பிரஜை’ என்று தனியாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேதத்தைத் துடைக்கத்தான் இந்த உறுப்புரை. உங்கள் தேசிய அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இனம் இருக்காது. கடவுச்சீட்டிலும் இருக்காது.

‘இலங்கைத் தமிழர்’ என்றால் பிரஜை, ‘இந்தியத் தமிழர்’ என்றால் அரைப் பிரஜை என்று உங்கள் கடிதத்தில் ஓடுகிற எண்ணம் இங்கே முடிந்துவிட வேண்டும். அந்த இரண்டு சொற்களும் தொகைமதிப்புக்காரர்களின், அதாவது சனத்தொகையைக் கணக்கெடுப்பவர்களின், சொற்கள். 1911 தொகைமதிப்பில்தான் தமிழரை ‘இலங்கை’, ‘இந்திய’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். அதற்குப் பின்னால் வந்த அரசியல் அந்தப் பிரிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அது வேறு கதை. எவராவது ஓர் உத்தியோகத்தர் அந்தக் கட்டத்தைக் காட்டி உங்களுக்கு ஒரு சேவையை மறுத்தால், இனம், பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்ற 12(2) உறுப்புரை இருக்கிறது. அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் காலம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

அப்புறம், மறுபக்கமும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: ‘இந்திய’ என்று இருப்பதால் இந்தியாவில் ஏதாவது உரிமை வருமா? வராது. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிப்பதென்றால், முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்கான அவர்களுடைய ஆவணத்தைத்தான் கேட்பார்கள். இலங்கைப் பதிவாளர் எழுதிய இனம் அங்கே செல்லாது. தாத்தாவின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். அந்த அட்டை கிடைத்தாலும் அது பிரஜாவுரிமை அல்ல. வாக்கும் இல்லை.

மாற்றலாமா? பொய்யா?

மாற்ற வழி இருக்கிறது. பிறப்புப் பதிவில் பிழை என்றால் உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது: இதற்காக அலைய வேண்டாம். முதலில் அது பிழையே அல்ல, உங்கள் அப்பா தன்னை அப்படித்தான் சொல்கிறார், இன்றைக்கும். அவருடைய இனத்தை நீங்கள் போய்த் திருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது, அதை மாற்றி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதைவிடப் பத்திரத்தில் பெயர்களைப் பாருங்கள். உங்கள் பிறப்பத்தாட்சியில் தந்தையின் பெயரும், அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ‘முத்துசாமி’ ஓர் இடத்தில், ‘முத்துச்சாமி’ இன்னோர் இடத்தில், ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாக என்று இருக்கிறதா? பெண் பிள்ளைக்கு அப்பாவின் பெயர் முன்னால் வந்திருக்கிறதா பின்னாலா? தோட்டத்தில் துரையின் கந்தோரில் ஒருவர் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் இவை. விசா, காப்புறுதி, காணி உறுதி எல்லாவற்றிலும் மலையகப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதற்காக அலையுங்கள், அது வீண் அலைச்சல் அல்ல.

விவாகப் பதிவு வேறு விஷயம். அதில் உங்களைப் பற்றி நீங்களே சொல்கிறீர்கள். பதிவாளர் வரைவிலக்கணத்தை வைத்து அளந்து பார்ப்பதில்லை, நீங்கள் சொல்வதை எழுதுவார். ‘இலங்கைத் தமிழர்’ என்று சொன்னால் பொய்ச் சத்தியம் ஆகாது. மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த குடும்பத்துப் பெண் தன்னை இலங்கைத் தமிழர் என்று சொல்வதில் என்ன பொய்? ‘மலையகத் தமிழர்’ என்பதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2024 தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்’ என்று சேர்த்தே போட்டிருக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, 200 வருடத்துக்கு முன் முன்னோர் நடந்த வழியில் நடந்துவந்தவர்கள் தூக்கிய பதாகைகளில் இருந்ததும் அந்தச் சொல்தான். உங்கள் தம்பி சொல்வதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. மற்ற இரண்டு பெயரும் எங்கிருந்து வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து அளப்பவை. இந்த ஒன்றுதான் அந்த மக்களே தங்களுக்கு வைத்துக்கொண்டது.

அதேநேரம் தம்பி உங்கள்மேல் சுமத்தும் பாரத்தையும் இறக்கி வைக்கிறேன். “படித்தவர்கள் எல்லாம் இலங்கைத் தமிழர் என்று எழுதினால் எங்கள் எண்ணிக்கை கரைந்துவிடும்” என்கிறார். எண்கள் அவர் பக்கம் பேசுகின்றன. 1971இல் இந்தியத் தமிழர் 11,74,606. 1981இல் 8,18,656. அது பெரும்பாலும் கப்பல் ஏறியவர்களின் கணக்கு. ஆனால் 2012இல் 8,39,504. முப்பத்தொரு வருடத்தில் நாட்டுச் சனத்தொகை ஒன்றரைக் கோடிக்குக் கிட்ட இருந்து இரண்டு கோடியைத் தாண்டியது, இவர்கள் மட்டும் அதே இடத்தில் நின்றார்கள். பிறக்காமலா போனார்கள்? போனவர்கள் போக, கட்டம் மாறியவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் தோட்டத்துக்கு வரவேண்டிய ஆசனமும் ஆசிரியரும் வைத்தியரும் குறைவது உண்மை. ஆனால் அது தொகைமதிப்பு நாளில், வீட்டு வாசலில் யோசிக்க வேண்டிய விஷயம். உங்கள் விவாகப் பதிவை யாரும் எண்ணிப் பார்த்து ஆசனம் ஒதுக்குவதில்லை.

மரபணுப் பரிசோதனைக்குக் காசு கட்ட வேண்டாம். எச்சிலை அனுப்பினால், தங்களிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தென்னிந்தியா, இலங்கை என்று ஏதாவது சதவீதம் தருவார்கள். சுன்னாகத்துக் குடும்பத்துக் கனடாச் சித்தி அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே பதில் வரலாம், அப்போது என்ன செய்யப்போகிறார்? எந்தப் பதிவாளரும் அதைக் கையில்கூட வாங்கமாட்டார்.

நீங்கள் கேட்காமல் விட்டது: தேசவழமை

இவ்வளவு நேரம் ஒரு கட்டத்தைப் பற்றிப் பேசினோம். உங்கள் கல்யாணத்தால் உங்கள் சட்ட நிலையில் உண்மையாகவே மாறப்போகிற ஒன்று எந்தப் பத்திரத்திலும் கட்டமாக இல்லை. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வத்தளையில் வங்கிக் கடனில் 10 பேர்ச்சஸ் காணி வாங்கிவிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு அதை விற்றுப் பெற்றோருக்கு ஹட்டனில் ஒரு வீடு எடுக்கும் எண்ணம் என்று. அந்த வரியில்தான் நான் பேனாவால் கோடு போட்டேன்.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் உறுதிப்படுத்தியது. அதன் திருமணச் சொத்துப் பகுதியை இப்போது ஆள்வது 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு சொல்வது இது: தேசவழமை பொருந்தாத ஒரு பெண், அது பொருந்துகிற ஆணைக் கட்டினால், அந்தத் திருமணம் நீடிக்கும் காலம் முழுவதும் அவளுக்கும் தேசவழமை பொருந்தும். மறுபக்கம், தேசவழமைப் பெண் வெளியில் கட்டினால் அவள் அதிலிருந்து வெளியே வந்துவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் புருஷனின் சட்டம்தான் பெண்ணுக்கு. நீங்கள் பதிவில் இலங்கை, இந்திய, மலையக என்று எதை எழுதினாலும் இது மாறாது. வடக்கில் நிரந்தரக் குடியிருப்பு உள்ள தமிழர் என்ற நிலை மாப்பிள்ளைக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுன்னாகத்தில் பிறந்து, தாய் தந்தை வீடு வளவோடு அங்கேயே இருக்க, வேலைக்காக மட்டும் கொழும்பில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அது பொருந்தும்.

அதனால் என்ன? 6ஆம் பிரிவின்படி கல்யாணத்துக்கு முன் நீங்கள் தேடியதும், பின்னால் உங்களுக்கு வருவதும் உங்கள் தனிச் சொத்துதான். புருஷனின் கடனுக்குப் பொதுவாக அதைத் தொட முடியாது. நகை, பணம், வாகனம் என்று அசையும் சொத்தை யாரையும் கேட்காமல் விற்கலாம். ஆனால் காணி வீட்டை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரண சாசனம் எழுதுவதற்கு மட்டும் சம்மதம் தேவையில்லை. உங்கள் வங்கிச் சிநேகிதி ஒருத்தி கண்டியில் உள்ள தமிழரைக் கட்டினால் அவளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1923 முதல் பொதுச் சட்டத்தில் மனைவி தன் சொத்தைத் தானே கையாளலாம். வத்தளைக் காணி வடக்கில் இல்லையே என்று நினைக்காதீர்கள். இந்தச் சம்மதம் மண்ணோடு ஒட்டியதல்ல, ஆளோடு போவது.

உங்கள் மாப்பிள்ளை நல்லவர், கேட்டவுடன் கையெழுத்துப் போடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வெளிநாட்டில் இருந்தால்? பேச்சு முறிந்து, விவாகரத்து வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டால்? சம்மதம் நியாயமில்லாமல் மறுக்கப்படும்போது மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இருக்கிறதுதான், ஆனால் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு தூரம் என்று. பெற்றோருக்கு வீடு எடுக்கப் போகிறீர்கள் என்றால், அதைப் பதிவுக்கு முன் செய்வதா பின் செய்வதா என்று இப்போதே உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் உட்கார்ந்து கதையுங்கள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவருக்கே இந்தச் சட்டம் முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். பல யாழ்ப்பாணத்து ஆண்களுக்குத் தெரியாது. பெண்களுக்குத்தான் வங்கியில் கடன் படிவம் நிரப்பும்போது தெரியவரும்.

மாமிக்கு என்ன சொல்வது

சட்டம் முடிந்தது. இனிச் சொல்வதை ஒரு மூத்தவளின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் முதல் கோரிக்கையும் இரண்டாவதும் ஒன்றல்ல. ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுது என்பதை நீங்களும் மனதார ஏற்கலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் ‘தோட்டத்தின் பெயரைச் சொல்லாதே’ என்பது வேறு. கல்யாண வீட்டில் உங்கள் அப்பா வேட்டி கட்டி மணவறைக்குப் பக்கத்தில் நிற்பார். அவரை யாராவது ‘எந்த இடம்?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நாற்பது வருடம் பிரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன மனிதர், மகளின் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் ஊர் எது என்ற கேள்விக்குள் வேறு சில கேள்விகளும் ஒளிந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கில்லை. கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும்.

மாமியைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் பயப்படுவது சொந்தக்காரரின் வாய்க்கு. நான்கு பக்கக் கடிதத்தில் ஆறு பேர் பேசுகிறார்கள்: மாமி, அப்பா, தம்பி, கனடாச் சித்தி, வேலைத்தலத்தில் ஒரு சிநேகிதி, நீங்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. தோட்டத்தின் பெயர் விஷயத்தில் தாயிடம் கதைக்க வேண்டியவர் அவர்தான். நீங்கள் அல்ல. இதைப் பதிவுக்கு முன் அவரிடம் சொல்லுங்கள், அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அப்பாவிடமும் ஒரு நாள் தனியாக இருந்து கதையுங்கள். கோத்தகிரிக்குப் போன சின்னத் தாத்தா வீட்டை அங்கே இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு அரசு 1968இல் இப்படித் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை கொழுந்து எடுத்த பிறகும் அதே பெயர். அங்கே சிலோன், இங்கே இந்தியா. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம், பெயர்தான் திசை மாறியது. அப்பா ‘இந்திய வம்சாவளி’யைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தியாவுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிந்துபோன தன் சித்தப்பாவுக்காக இருக்கலாம். அவரை அப்படியே இருக்க விடுங்கள். உங்கள் பிள்ளைக்குப் பிறப்பத்தாட்சி எடுக்கும்போது தாயின் இனம் என்ற கட்டத்தை நீங்கள் நிரப்புவீர்கள், அது உங்கள் முறை.

கல்யாணத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கேட்டிருந்தீர்கள். வத்தளைக் காணியின் உறுதிப் பிரதி, வங்கி ஈட்டுப் பத்திரம், இருவரின் பிறப்பத்தாட்சிகள் இவற்றோடு நொத்தாரிசிடம் போங்கள். பெயர்ப் பிழைகள் இருந்தால் விவாகப் பதிவுக்கு முன்பே திருத்துங்கள். பின்னால் என்றால் இரட்டை வேலை. தாத்தாவும் அப்பாவும் 2003இல் வாங்கிய பிரகடனத் தாள்களைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, நாலைந்து போட்டோ கொப்பி அடித்து, ஸ்கேன் செய்து உங்களுக்கும் தம்பிக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். மூலத்தாளை மட்டும் தயவுசெய்து லெமினேட் பண்ணிவிடாதீர்கள். மையும் முத்திரையும் அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும், பிறகு அதை மூலத்தாள் என்று காட்ட நாங்கள் படும் பாடு பெரும் பாடு.